ஆயிரம் பவுண்டு பந்தயக் கார்

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் 2024-ஆம் ஆண்டு நடைபெற்ற இரவு நேரக் கார் பந்தயத்துக்குப் பிறகு, 'ஃபார்முலா 4' என்ற பெயர் விளையாட்டுச் செய்திகளைப் படிக்காதவர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் மூடப்படாத பந்தயக் கார்களின் படிவரிசையில் அது தொடக்கப் படி. உச்சியில் இருப்பது ஃபார்முலா 1. தொடக்கப் படி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இங்கிலாந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டது. அதன் பெயர் ஃபார்முலா ஃபோர்டு. அந்த விடைக்கு இன்றும் மதிப்பு உண்டு என்று நான் கருதுகிறேன்.

1960-களில் இங்கிலாந்தில் பந்தய ஓட்டுநர்களுக்கான பயிற்சிப் பள்ளிகள் பல இயங்கின. பந்தயத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட என்ஜின்களைப் பராமரிக்கும் செலவு அந்தப் பள்ளிகளுக்குப் பெரும் சுமையாக இருந்தது. பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓடுதளத்தில் பள்ளி நடத்திய ஜெஃப் கிளார்க்கும், அந்த ஓடுதளத்தை நிர்வகித்த ஜான் வெப்பும் எளிய வழி ஒன்றைக் கண்டனர். கடையில் விற்கப்படும் ஃபோர்டு கார்ட்டினா ஜிடி காரின் 1,500 சிசி என்ஜினையே பந்தயக் காரில் பொருத்துவது. சாலையில் ஓடும் கார்களுக்கான டயர்களையே மாட்டுவது. இந்த ஏற்பாடு விரைவிலேயே தனிப் பந்தயப் பிரிவாக வளர்ந்தது. ஃபோர்டு நிறுவனமும் துணை நின்றது.

விதிகள் கறாரானவை. காரின் விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது. சட்டகம் எஃகுக் குழாய்களால் ஆனதாக இருக்க வேண்டும். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளுக்கு இடமில்லை. இந்த வரம்புகளுக்குள் யார் வேண்டுமானாலும் கார் செய்து விற்கலாம்.

1967-ஆம் ஆண்டின் கோடைக்காலம் இந்த வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஃபார்முலா 1 பந்தயத்துக்காக காஸ்வொர்த் நிறுவனம் உருவாக்கிய டிஎஃப்வி என்ஜினுக்கு ஃபோர்டு ஒரு லட்சம் பவுண்டு அளித்திருந்தது. அந்த என்ஜின் 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்து கிராண்ட் பிரீ பந்தயத்தில் அறிமுகமாகி, ஜிம் கிளார்க்குக்கு வெற்றியைத் தந்தது. சரியாக நான்கு வாரங்கள் கழித்து, ஜூலை 2 அன்று, பிராண்ட்ஸ் ஹாட்சில் முதல் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் நடந்தது. ஏணியின் உச்சிப் படியிலும் அடிப்படியிலும் ஒரே நிறுவனத்தின் பெயர். முன்னதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பின்னதுதான் பல இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது.

பிரேசிலைச் சேர்ந்த எமர்சன் ஃபிட்டிபால்டி 1969-இல் இங்கிலாந்து வந்து ஃபார்முலா ஃபோர்டு ஓட்டினார். மறு ஆண்டே அமெரிக்க கிராண்ட் பிரீயில் வென்றார்; 1972-இல் உலக சாம்பியன் ஆனார். அயர்ட்டன் சென்னா 1981-இல் பிரிட்டனின் இரண்டு ஃபார்முலா ஃபோர்டு பட்டங்களை வென்றவர். 2009-இல் உலக சாம்பியனான ஜென்சன் பட்டன், 1998-இல் இதே பிரிவின் பிரிட்டிஷ் சாம்பியன். கோவையிலிருந்து சென்ற நரேன் கார்த்திகேயனும் 1994-இல் அங்கே ஃபார்முலா ஃபோர்டு ஓட்டினார். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

இந்தக் காரில் திறமை வெளிப்பட்டதற்குக் காரணம் அதன் எளிமையே. 1968 முதல் பயன்பட்ட 1,600 சிசி என்ஜின் தந்தது ஏறத்தாழ நூறு குதிரைத் திறன்தான். இறக்கைகள் உள்ள கார், முன்னால் செல்லும் காரை வளைவில் நெருங்கும்போது கலங்கிய காற்றில் சிக்கிப் பிடிமானத்தை இழக்கும். இறக்கைகள் இல்லாத காருக்கு அந்தச் சிக்கல் குறைவு. நேர்ச்சாலையிலோ, முன்கார் பிளந்து செல்லும் காற்றின் பின்னே ஒளிந்து வேகம் கூட்டி முந்தவும் முடியும். எனவே கார்கள் கூட்டமாகவே ஓடின. ஓட்டுநர் செய்யும் சிறு பிழையும் உடனே தெரிந்தது. அதை மறைக்கக் கூடுதல் ஆற்றலோ கூடுதல் பிடிமானமோ இல்லை.

ஆயிரம் பவுண்டு வரம்பு பணவீக்கத்தில் கரைந்துபோனது. பிறகு ஃபார்முலா ரெனால்ட், ஃபார்முலா பிஎம்டபிள்யூ போன்ற போட்டிப் பிரிவுகள் இறக்கைகளோடு வந்தன. ஃபார்முலா ஃபோர்டும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயன்றது. 1993-இல் 1,800 சிசி ஸீடெக் என்ஜின், 2012-இல் டர்போ என்ஜின், 2013-இல் இறக்கைகள். 2015-இல் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி ஃபார்முலா 4 விதிகளுக்கே மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் செலவை ஏற்றியது. வியப்பு என்னவென்றால், நவீனமயமான வடிவம் மறைந்த பிறகும், இறக்கையற்ற பழைய 1,600 சிசி கார்கள் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஆண்டுதோறும் நடைபெறும் ஃபார்முலா ஃபோர்டு விழாவில் இன்றும் ஓடுகின்றன.

ஃபார்முலா 4 காரின் கார்பன் இழைக் கூடு எஃகுக் குழாய்ச் சட்டகத்தைவிடப் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. இளம் உயிர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் அது சிறிய விஷயமும் அன்று. ஆனால் முதல் படியே வசதி படைத்த குடும்பங்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருந்தால், அங்கே வெல்பவர் உண்மையிலேயே மிகச் சிறந்தவரா, வந்து சேர முடிந்தவர்களுள் சிறந்தவரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி காரின் சிறிய என்ஜினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளம் கரிவரதனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

சாலைகளை ஒளிவெள்ளத்தில் நனைத்துப் பந்தயம் நடத்துவது தவறன்று. அது கூட்டத்தை ஈர்க்கும். ஆனால் அந்த விளக்குகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது மலிவான உள்நாட்டுப் பந்தயக் கார்களுக்குத் தர வேண்டும். விலை வரம்பும் எளிய விதிகளும் கொண்ட ஒரு பிரிவுக்கு அரசும் நிறுவனங்களும் துணை நிற்குமானால், அடுத்த நரேன் எந்த ஊரிலிருந்தும் வரலாம்.