ஏழரை மணி வானம்: மார்ச்சில் ஒன்று, மே மாதத்தில் வேறு

"எக்ஸாம் முடியட்டும், அப்புறம் காவலூர் போலாம் மச்சி" என்று பிளானைத் தள்ளிப்போடும் குரூப் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் உண்டு. தாராளமாகத் தள்ளிப்போடுங்க. ஆனால் மார்ச்சில் நீங்க பார்த்திருக்க வேண்டிய வானம் மே கடைசியில் அங்கே இருக்காது.

காவலூர் என்றால் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். 1986-இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் இருக்கு. அது ஆராய்ச்சிக்கானது, அதில் நாம கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. நமக்குக் காட்டுவது சின்ன டெலஸ்கோப்தான். பொதுமக்களுக்கான நாள் சனிக்கிழமை. கிளம்பும் முன் நேரத்தை அவங்க வலைதளத்தில் ஒருமுறை பார்த்துக்கோங்க. (சனிக்கிழமை, ஏழரை மணி என்றதும் யாரும் பரிகாரம் தேட வேண்டாம்.)

சரி, வானம் ஏன் மாறுது? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் என்று பள்ளியில் படிச்சோம். நட்சத்திரங்களை வைத்து அளந்தால் 23 மணி 56 நிமிடம்தான். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் சுமார் 1 டிகிரி நகர்ந்துவிடுகிறது. அதனால் சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் 4 நிமிடம் திரும்ப வேண்டியிருக்கு. நம்ம கடிகாரம் ஓடுவது சூரியனை வைத்து. ஆக, ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் 4 நிமிடம் முன்னாடியே உதிக்கும். மாதத்துக்கு 2 மணி நேரம்!

மார்ச் முதல் வாரம் இரவு ஏழரைக்கு ஒரியன் கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேலே நிற்கும். அதன் சிவந்த தோள்தான் திருவாதிரை நட்சத்திரம். மூன்று நட்சத்திர பெல்ட்டுக்குக் கீழே டெலஸ்கோப்பைத் திருப்பினால் ஒரியன் நெபுலா தெரியும். தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு, அதாவது மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எழுந்த காலத்தில் கிளம்பிய வெளிச்சம். போட்டோவில் வரும் ரோஸ் கலரை எதிர்பார்த்துப் போகாதீங்க. குறைந்த வெளிச்சத்தில் நம்ம கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பல் நிறப் புகை மாதிரிதான் இருக்கும். எனக்கு அந்தப் புகைதான் பிடிச்சிருக்கு.

அதே ஏழரைக்கு மே நடுவில் பாருங்க. ஒரியன் மேற்கே அடிவானத்தில் மறையத் தயாராக இருக்கும். கார்த்திகைக் கூட்டமோ சுத்தமாகக் காணோம், ஏன்னா சூரியனே அதன் பக்கத்தில் போய் நிற்கிறது. கார்த்திகைக்கு மரபில் சொல்லப்படும் தெய்வம் அக்னி. அந்தக் கத்திரி வெயிலுக்கு 'அக்னி நட்சத்திரம்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போ புரிஞ்சிருக்கும்.

இழப்பு மட்டும் இல்லை. கிழக்கே சித்திரையும் சுவாதியும் ஏறியிருக்கும். ஒன்பது மணி வாக்கில் தெற்கே தென்சிலுவை, அடிவானத்திலிருந்து 17 டிகிரி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். டெல்லியில் இருப்பவங்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் வரும். நமக்கு நல்லாவே தெரியும். அதற்குக் கொஞ்சம் கிழக்கே, இன்னும் மேலே, ஒமேகா சென்டாரி. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் அடைந்த ஒரே உருண்டை.

முடிஞ்சா இரண்டு தடவை போங்க: மார்ச்சில் ஒன்று, மே மாதம் மழைக்கு முன்னாடி ஒன்று. ஜூனுக்கு அப்புறம் தென்மேற்கு, வடகிழக்கு என்று மேகம் மாறி மாறி வந்து டிசம்பர் வரை உயிரை வாங்கும். நெபுலா பார்க்கணும்னா அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. நிலாவின் பள்ளங்களைப் பார்க்கணும்னா வளர்பிறை அரை நிலா சமயம். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது ஒருத்தர் மொபைல் டார்ச்சைப் போட்டால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அந்த ஒருத்தர் நம்ம காலேஜ் ஐடி கார்டோடு இருக்க வேண்டாம், ப்ளீஸ்.