வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்!
புதிதாக டீஜே தொழில் தொடங்கும் தம்பி தங்கைமாருக்கு

கலியாணம், சடங்கு, பிறந்த நாள், தீபாவளி, வாலிபர் கழக விழா என்று எமது தோட்டங்களில் எது நடந்தாலும் "சவுண்ட் யாரு?" என்ற கேள்வி முதலில் வந்துவிடும். தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை என்று கண்டியைச் சுற்றியுள்ள பகுதிகளில் இதையே ஒரு தொழிலாகச் செய்யலாமே என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். பாட்டு ரசனையும் நாலு பேரோடு கதைக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இது ஏற்ற தொழில்.

ஆனால் முதல் போடும் காசு எங்கிருந்து வருகிறது? அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. அப்பாவின் ஊழியர் சேமலாப நிதி கரைகிறது. இல்லாவிட்டால் கிழமைக் கடன். ஆகவே சவுண்ட் செட் வாங்குவதற்கு முன் குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து கீழே உள்ள விஷயங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் ஒரு வருடத்தில் எங்கே பாட்டுப் போடப் போகிறீர்கள்? லயத்து வாசல், தோட்டத்துக் கிளப், கோயில் மண்டபம், சிறுவர் நிலையம். பெரும்பாலும் 50 முதல் 150 பேர் கூடும் இடங்களே. கண்டி டவுனில் உள்ள பெரிய மண்டபங்களுக்கு உங்களை உடனே கூப்பிட மாட்டார்கள். அங்கே வேலை கிடைத்தால் அன்றைக்கு மட்டும் மேலதிக பொக்ஸ்களை வாடகைக்கு எடுக்கலாம்.

யமெய்க்காவில் பிறந்த டீஜே கூல் ஹேர்க் 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க் நகரில் பாட்டுப் போட்ட விருந்தில்தான் ஹிப் ஹொப் இசை பிறந்தது என்பார்கள். அது நடந்தது பெரிய அரங்கில் அல்ல. அவர் குடும்பம் வசித்த மாடிக் குடியிருப்பின் பொது அறையில். நடத்தியவர் அவருடைய சகோதரி. எமது கிளப் மண்டபம் போன்ற இடந்தான்.

2. "5000 வாட்" என்றால் என்ன?

பொக்ஸின் மேல் பெரிதாக ஒட்டியிருக்கும் எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். "பி.எம்.பி.ஓ." என்றும் "பீக்" என்றும் போடும் எண்கள் கண் மூடித் திறக்கும் நேரத்தில் வரும் உச்சத்தைக் காட்டுபவை. பி.எம்.பி.ஓ. வெறும் விளம்பர எண். தொடர்ந்து தாங்கக் கூடிய வலுவை "ஆர்.எம்.எஸ்." அல்லது "கன்டினியுவஸ்" என்று போட்டிருப்பார்கள். கடைக்காரரிடம் அதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 500 வாட்டை 1000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது கொஞ்சம் கூடியது போலத்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 500 வாட் நல்ல பொக்ஸை விட்டுவிட்டு, கடன் பட்டு 1000 வாட் மட்டமான பொக்ஸ் வாங்குவதில் லாபம் இல்லை.

3. பொக்ஸை வைக்கும் இடமே பாதி சவுண்ட்

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். பொக்ஸிலிருந்து 1 மீற்றரில் 110 என்றால் 2 மீற்றரில் 104, 4 மீற்றரில் 98, 8 மீற்றரில் 92. முன் வரிசையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ள, பின்னால் "ஒண்ணும் கேக்கலையே" என்பார்கள்.

இதற்கு மருந்து சத்தத்தைக் கூட்டுவதல்ல. பொக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி, ஆட்களின் தலைக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். தரையில் வைத்தால் முன்னால் ஆடுபவர்களின் உடம்பே சத்தத்தை மறைத்துவிடும். மைக் பிடிப்பவர் பொக்ஸுக்கு முன்னால் நிற்கக் கூடாது; நின்றால் "கீ" என்று கத்தும்.

4. பவர்ட் பொக்ஸா, தனி அம்பிளிபயரா?

பவர்ட் பொக்ஸ் என்றால் அம்பிளிபயர் உள்ளேயே இருக்கும். வயர் குறைவு, பொருத்தம் பார்க்கும் தலைவலி இல்லை, புதியவர்களுக்கு இலகு. ஆனால் உள்ளே பழுது வந்தால் பொக்ஸ் முழுவதும் திருத்தக் கடைக்குப் போக வேண்டும்.

தனி அம்பிளிபயரும் சாதாரண பொக்ஸும் வாங்கினால் ஒன்று பழுதானாலும் மற்றது மிஞ்சும். ஆனால் "ஓம்" கணக்குத் தெரிய வேண்டும். 8 ஓம் பொக்ஸ் இரண்டைச் சமாந்தரமாக ஒரே வாயில் கொடுத்தால் 4 ஓம் ஆகும். அம்பிளிபயர் 4 ஓமைத் தாங்குமா என்று பார்க்காமல் கொடுத்தால் அது சூடாகிக் கருகிப் போகலாம்.

தனியாகத் தொடங்குபவர்களுக்கு எமது ஆலோசனை: 12 அங்குலப் பவர்ட் பொக்ஸ் இரண்டு, ஸ்டாண்ட் இரண்டு, சிறிய மிக்சர் ஒன்று, வயர் மைக் ஒன்று, உபரி வயர்கள். பாட்டுக்கு லப்டொப் போதும். டீஜே கொன்ட்ரோலர் பிறகு வாங்கலாம். அடி சத்தத்துக்கான பேஸ் பொக்ஸை, வேண்டிய நாளில் வாடகைக்கு எடுங்கள். இன்னொரு அளவுகோலும் உண்டு: செட் முழுவதும் ஒரு த்ரீவீலில் ஏற வேண்டும். தோட்டப் பாதையில் வேன் பிடித்தால் கிடைக்கும் காசில் பாதி அதற்கே போய்விடும்.

கடையில் உங்கள் பாட்டுகளையே பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். மைக்கில் பேசியும் பாருங்கள். எமது வீட்டு விசேஷங்களில் பாட்டைப் போல அறிவிப்பும் முக்கியம். பாவித்த பொக்ஸ் என்றால் ஸ்பீக்கர் கடதாசியை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக உள்ளே அமுக்குங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே கம்பிச் சுருள் கெட்டிருக்கலாம், வாங்காதீர்கள்.

5. லயத்துக் கரண்ட்

எமது மின்சாரம் 230 வோல்ட். 1000 வாட் எடுக்கும் செட்டுக்குச் சுமார் 4 அம்பியர் போதும். ஆனால் 2000 வாட் கேத்தல் ஒன்று சுமார் 9 அம்பியர் இழுக்கும்! விசேஷ வீட்டில் கேத்தலும் ரைஸ் குக்கரும் சவுண்டும் ஒரே வயரில் தொங்கினால் வயர் சூடாகும், செட் நின்று நின்று வரும். செட்டுக்குத் தனி பிளக் கேளுங்கள். சுற்றி வைக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் அவிழ்த்து விரித்த பிறகே பாவியுங்கள்.

"உம்" என்ற இரைச்சலை நிறுத்துவதற்காக ஏர்த் வயரை வெட்டுகிறவர்கள் உண்டு. இது உயிரோடு விளையாடும் வேலை. மழை நாளில் ஈரத் தரையில் நின்று மைக் பிடிப்பவரைக் காப்பது அந்த ஏர்த் வயரும் ட்ரிப் சுவிட்சுந்தான். இடி மின்னல் தொடங்கினால் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். விசேஷ வீட்டார் கோபித்தாலும் பரவாயில்லை.

6. சட்டமும் பக்கத்து லயமும்

ஒலிபெருக்கி பாவிக்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றும், மற்ற நேரங்களில் அயலவரின் கருத்தைக் கேட்டே கொடுக்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. சில நிகழ்ச்சிகளுக்கு நேரம் மாறக்கூடும். அதைப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மலைச்சரிவில் சத்தம் எதிர்மலைக்கும் போகும். அங்கே விடியற்காலை எழுந்து வேலைக்குப் போகும் தாய்மார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், நோயாளிகள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2022இல், இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. ஒவ்வொரு கிழமையும் பொக்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். உங்கள் காதைத்தான் முதலில் காக்க வேண்டும்.

7. காசுக் கணக்கு

பொக்ஸின் விலையை உங்கள் வீட்டு நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாவை வைத்துக் கணக்குப் பார்த்தால், 135,000 ரூபா என்பது 100 நாள் பேர். அத்தனை நாள் கொழுந்துக் கூடை சுமந்த காசு அது.

உதாரணத்துக்கு, மாதத் தவணை 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். த்ரீவீல் கூலி, உதவியாள், சாப்பாடு எல்லாம் போக ஒரு விசேஷத்தில் 4,000 மிஞ்சினால், மாதம் மூன்று விசேஷம் தவணைக்கே சரி. நான்காவதிலிருந்துதான் உங்கள் கைக்கு வரும். ஆடியிலும் மார்கழியிலும் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும்.

ஆகவே முதல் மூன்று நான்கு விசேஷங்களை வாடகை செட்டில் செய்யுங்கள். வரவு செலவை அதே கொப்பியில் எழுதுங்கள். மிஞ்சும் காசைத் தனியாகச் சேர்த்து, முதலில் ஒரு பொக்ஸ், பிறகு மற்றது என்று வாங்குங்கள். இரண்டு மூன்று நண்பர்கள் கூட்டுச் சேர்ந்தால் யார் எவ்வளவு போட்டார் என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள்; பிறகு சண்டை வராது.

மறுபடியும் உங்களைக் கூப்பிடுவது பொக்ஸின் பருமனைப் பார்த்து அல்ல. சொன்ன நேரத்துக்கு வந்தாரா, பாட்டு தெளிவாக இருந்ததா, பெரியவர்கள் பேசும்போது சத்தத்தைக் குறைத்தாரா என்றுதான் வீட்டுக்காரர் பார்ப்பார். சிறிய செட்டில் நல்ல பெயர் எடுங்கள். அந்தப் பெயர் பெரிய செட்டை வாங்கித் தரும்.