பின்னலில் ஓடும் மின்சாரம்: அன்றும் இன்றும்

ஸ்ரீரங்கத்து உத்திர வீதி வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. 7 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல் ஏரியல் ஏறத்தாழ 20 மீட்டர். வாசல் பக்கத்து மாடியிலிருந்து கொல்லை வரை இழுத்துக் கட்டலாம். அதிலிருந்து இறங்கும் கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னலின் மேலும் மின்சாரம் ஓடப் பார்க்கும். காமன் மோட் எனப்படும் அந்த ஓட்டத்தை மறிப்பதுதான் சோக்கின் வேலை.

தூர்தர்ஷன் காலத்து ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, அதை அளக்கக் கைக்கடக்கமான கருவி எளிதில் கிடைக்காது. மோர்ஸ் சாவியைத் தொட்ட விரல் சுருக்கென்று சுட்டால், அல்லது வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் திரையில் கோடு விழுகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றால், பின்னலில் ஓட்டம் இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். கேபிளையே எட்டுப் பத்துச் சுற்றாகச் சுருட்டி ஏரியலின் நடுவில் கட்டுவார்கள். பழைய டிவி யோக்கின் ஃபெர்ரைட்டில் சுற்றியவர்களும் உண்டு. ஏரியலின் இம்பிடன்ஸை நாய்ஸ் பிரிட்ஜில் பார்க்கலாம். இரைச்சல் அடங்கும் இடத்தைக் காதால் தேடி இரண்டு குமிழ்களையும் மாறி மாறித் திருப்ப வேண்டும். டயோடு வைத்த ஏரியல் அனலைசர் வந்தபோது வேறொரு தொல்லை. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை ஏரியலில் பலமாக ஏறினால், அதையும் சேர்த்தே ஊசி காட்டும்.

2019 வாக்கில் பரவிய நானோ வி.என்.ஏ. (வெக்டர் நெட்வொர்க் அனலைசர்) உள்ளங்கையில் அடங்கும், விலை சில ஆயிரம் ரூபாய். சோக்கின் இரு முனையிலும் பின்னலையும் நடுக்கம்பியையும் ஒன்றாக முறுக்கி, இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே மாட்டுகிறார்கள். 500 ஓம் சோக் என்றால் சுமார் 15.6 டெசிபெல் இழப்பு. 5000 ஓம் என்றால் 34. கேபிளின் 50 ஓமுக்குப் பத்து மடங்கு போதும் என்பது பழைய கணக்கு. இன்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், அதுவும் ரெசிஸ்டன்ஸாக. ஃபெர்ரைட் இல்லாமல் கேபிளை மட்டும் சுருட்டிய காற்றுச் சுருளில் இருப்பது பெரும்பாலும் ரியாக்டன்ஸ். கேபிளின் நீளம் எதிர்க்குறி ரியாக்டன்ஸைக் காட்டினால் இரண்டும் கழிந்து ஓட்டம் கூடிவிடும். ரெசிஸ்டன்ஸ் மிகுந்த 31-ஆம் வகை ஃபெர்ரைட் அப்படிக் கைவிடுவதில்லை. மாட்டும் விதத்திலும் கவனம் வேண்டும்: குறுக்கே 1 பிகோஃபேரடு சேர்ந்தாலே 28 மெகாஹெர்ட்ஸில் அது 5700 ஓம் பக்கவழி.

கவலையின் திசையும் மாறிவிட்டது. அன்று நம் அலை அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று சோக் கட்டினார்கள். இன்று திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றிச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சல், அதே பின்னலில் ஏறி ரிசீவருக்குள் இறங்குகிறது. முன்பு நள்ளிரவில் தெளிவாகக் கேட்ட மெல்லிய மோர்ஸ் ஒலி அதில் மூழ்கிப்போகிறது. இது பெரிய இழப்பு. ஏரியலின் நடுவில் மட்டும் இருந்த சோக்குக்குத் துணையாக, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இப்போது இன்னொன்றும் கட்டுகிறார்கள்.