சுவர்ச் சித்திரமும் மழைநீரும்

ஒரு திட்டம் சட்டமாக வெளிவருவது ஒரு படி. அது ஊர்மக்களின் உள்ளத்தில் பதிவது மற்றொரு படி. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைக்கச் சித்திரம் எவ்வாறு உதவும் என்பதை மழைநீர் சேகரிப்பைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

மாதவரத்திற்கு வடக்கே, மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீர் பல்லாண்டுகளாகச் சென்னை நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தெடுக்கப்பட்டது. நன்னீர் தாழவே கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து, கிணறுகள் உவர்த்தன. உவர்ப்பு மேலும் பரவாமல் தடுக்க, பெய்யும் மழையை மண்ணுக்குள் செலுத்துதல் இன்றியமையாதது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் அமைப்பைக் கட்டினால் மட்டும் போதாது. அதைப் பேணும் முறையையும் வீட்டார் அறிதல் வேண்டும்.

படத்தின் வலிமை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. அந்நிலையிலும் 1951-52 பொதுத் தேர்தலில் சின்னம் ஒட்டிய பெட்டிகளைக் கண்டு கோடிக்கணக்கானோர் வாக்களித்தனர். பின்னர் குடும்ப நலத் திட்டத்தைச் சிவப்பு முக்கோணம் பட்டிதொட்டியெங்கும் அறிமுகப்படுத்தியது.

எனினும், படமாக இருந்தால் மட்டும் எல்லார்க்கும் விளங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. நாம் பணியாற்றிய ஓர் ஊராட்சியில், பொறியாளரின் வரைபடத்தை அப்படியே சுவரில் தீட்டச் செய்தோம். மண்ணைக் குறுக்கே வெட்டிக் காட்டிய அப்படத்தைப் பார்த்த மூதாட்டி ஒருவர், "இது கழிப்பறைக் குழி அல்லவா? இதில் மழைத் தண்ணீரை விட்டால் கிணறு கெட்டுப் போகாதா?" என்று வினவினார். பிழை அவருடையதன்று, நம்முடையதே.

பின்னர் அப்படத்தை அழித்துவிட்டு, நான்கு கட்டங்களாக வரைவித்தோம். கூரையைப் பெருக்கும் பெண். முதல் மழையின் தூசி நீரை வெளியேற்றும் குழாய். கூழாங்கல், சரளை, மணல் எனும் அடுக்குகள் வழியே வடிந்து இறங்கும் நீர். இறுதியில் கிணற்றில் குடத்துடன் நிற்கும் சிறுமி. அளவையும் குடத்தாலேயே காட்டினோம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். 15 லிட்டர் குடமாயின், அது ஏறத்தாழ 67 குடம். லிட்டர்க் கணக்கில் மயங்கியவர்கள் குடக் கணக்கை உடனே உணர்ந்தனர்.

ஊராட்சி உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. ஒரு சுவருக்கு ஒரு செய்தியே போதும். செய்பவரின் கையும் கருவியும் படத்தில் தெரிதல் வேண்டும். மக்கள் காத்து நிற்கும் நியாயவிலைக் கடையருகிலும் குடிநீர்க் குழாயருகிலும் கண் மட்டத்தில் வரைதல் நன்று. யாவற்றினும் முதன்மையானது, வண்ணம் தீட்டுமுன் தாளில் வரைந்து கிராம சபையில் காட்டுவதாகும். "விளங்கிற்றா?" என்று கேட்டால் எவரும் தலையசைப்பர், "இப்படம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்க வேண்டும்.

அவ்விடை ஊராரின் வாயிலிருந்து பிழையின்றி வருமாயின், சுவருக்குச் செலவிட்ட பொதுப்பணம் பயன்பட்டது எனலாம். வாராதாயின், தாளைத் திருத்துவது எளிது. கிணற்றில் ஏறிய உப்பை இறக்குவது அரிது.