அறிவியல் செய்தியாளர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு?

அமெரிக்காவின் தேசிய அறிவியல் எழுத்தாளர் சங்கம் 1934-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அறிவியல், மருத்துவம், தொழில்நுட்பம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்த ஏறத்தாழ 12 பேர் கூடி அதை அமைத்தார்கள். தங்கள் தொழிலைச் செம்மைப்படுத்துவதும், நல்ல அறிவியல் எழுத்துக்கு ஏற்ற சூழலை உருவாக்குவதும் அவர்களின் நோக்கம். கிளீவ்லாந்தைச் சேர்ந்த டேவிட் டீட்ஸ் முதல் தலைவரானார். இன்று சங்கத்தில் 2,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆய்வாளர்களும் நிருபர்களும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தால் சக பேராசிரியர்களிடையே மதிப்புக் குறையும் என்று ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். ஆய்வுக்கூடத்தில் நடப்பதைப் புரிந்துகொண்டு எழுதத் தெரிந்த நிருபர்களும் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பத்திரிகை அதிபர் இ. டபிள்யூ. ஸ்கிரிப்ஸின் உதவியோடு 1921-இல் ‘சயன்ஸ் சர்வீஸ்’ என்ற அறிவியல் செய்தி நிறுவனம் உருவாயிற்று. அடுத்த 10, 12 ஆண்டுகளில் பெரிய நாளிதழ்கள் சில அறிவியலுக்கென்றே ஆள் வைத்தன. அந்தச் சிலர்தான் சங்கத்தின் விதை.

சங்கம் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் அதன் உறுப்பினர்களுக்குப் பெரிய அங்கீகாரம் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 300-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 1936-இல் நடந்த அறிவியல் அமர்வுகளைச் செய்தியாக்கியதற்காக, 1937-இன் புலிட்சர் பரிசு ஐந்து பேருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. டேவிட் டீட்ஸ், வில்லியம் லாரன்ஸ், ஜான் ஓநீல், ஹோவர்டு பிளேக்ஸ்லீ, கோவிந்த் பிஹாரி லால் ஆகியோர் அந்த ஐவர்.

இவர்களில் லால் டெல்லியில் 1889-இல் பிறந்தவர். 1912-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே கதர் கட்சியில் சேர்ந்து இந்திய விடுதலைக்காக இயங்கினார், சிறைக்கும் போனார். பிறகு ஹெர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகளில் அறிவியல் செய்தியாளரானார். தன் பெயரோடு ‘அறிவியல் எழுத்தாளர்’ என்று போட்டுக்கொண்ட முதல் பத்திரிகையாளர் இவரே என்பார்கள். புலிட்சர் பெற்ற முதல் இந்தியரும் இவர்தான். 1940-இல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இந்திய அரசு 1969-இல் பத்மபூஷண் அளித்தது. இத்தனைக்கும் பிறகு, நம் ஊர் இதழியல் வகுப்புகளில் இவர் பெயர் அதிகம் கேட்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

அதே ஐவரில் ஒருவரான லாரன்ஸின் கதை வேறு. அறிவியல் செய்தியாளர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. அவர் நியூயார்க் டைம்ஸ் நிருபர், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அணுகுண்டுத் திட்டத்தின் தலைவரான ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் 1945-இல் அவரைத் திட்டத்தின் அதிகாரபூர்வ எழுத்தாளராகச் சேர்த்துக்கொண்டார். பத்திரிகைச் சம்பளமும் வந்தது; போர்த்துறையின் பணமும் வந்தது. ஜூலை 16-ஆம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் வெடிப்பைக் கண்ணால் பார்த்த பத்திரிகையாளர் அவர் ஒருவரே. ஆகஸ்ட் 9-ஆம் தேதி நாகசாகிக்குப் போன விமானங்களில் ஒன்றிலும் இருந்தார்.

செப்டம்பர் 5-ஆம் தேதி லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் நிருபர் வில்பிரட் பர்செட் எழுதிய செய்தி வெளியானது. ஹிரோஷிமாவில் காயமே படாதவர்களும் இனந்தெரியாத நோயால் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் நேரில் பார்த்து எழுதியிருந்தார். ஒரே வாரத்தில், செப்டம்பர் 12-ஆம் தேதி, லாரன்ஸின் கட்டுரை வந்தது. கதிர்வீச்சால் சாகிறார்கள் என்பது ஜப்பானியரின் பிரசாரம் என்ற அமெரிக்க ராணுவத்தின் வாதத்தை அது வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த மூன்றாம் நாள், அதே அணுகுண்டுத் திட்டத்தின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூட விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்த இயற்பியலாளர் ஹாரி டாக்லியன் இறந்துபோனார். லாரன்ஸுக்கு 1946-இல் மீண்டும் புலிட்சர் கிடைத்தது. அணுவைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு பர்செட்டுக்குத் தெரியாது. ஆனால் ஹிரோஷிமா மக்களின் உண்மையை எழுதியவர் பர்செட்.

இத்தகைய சங்கங்களின் விதிகள் பெரும்பாலும் ஒரு கேள்வியைச் சுற்றியே வருகின்றன: செய்தி கொடுப்பவருக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம்? பல்கலைக்கழகங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் செய்திக்குறிப்பு எழுதும் மக்கள்தொடர்பு அலுவலர்களும் அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினராகலாம். ஆனால் பொறுப்பாளர் பதவிகள், பொதுமக்களுக்காக ஊடகங்களில் செய்தி எழுதுவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு மட்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. நாளிதழ்களில் வேலை குறைந்து, சுயேச்சையாக எழுதுகிறவர்கள் ஒரு மாதம் செய்தியும் மறு மாதம் நிறுவனத்துக்கான கட்டுரையும் எழுதிப் பிழைக்க நேர்ந்தபோது, இந்த விதி சரிதானா என்ற விவாதம் சங்கத்துக்குள் சூடாகவே நடந்தது. இந்த இக்கட்டு நிஜமானதுதான். ஆனாலும் செய்தியாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்குபவர் செய்தியாளராக இருப்பதே சரி.

சங்கம் 1972 முதல் ‘சமூகத்தில் அறிவியல்’ என்ற விருதுகளை வழங்குகிறது. புலனாய்வுக் கட்டுரைகளுக்கும் விளக்கக் கட்டுரைகளுக்கும் உரிய இந்த விருதுக்கு எந்த வணிக அமைப்பிடமும் தொழில் அமைப்பிடமும் பணம் வாங்குவதில்லை. இது தவிர ஆண்டுக் கூட்டம், உறுப்பினர் இதழ், உதவித்தொகை, புதியவர்களுக்குப் பயிற்சி என்று வழக்கமான சங்கப் பணிகளும் உண்டு.

அன்றாட வேலையில் செய்தியாளர்களைக் கட்டிப்போடுவது எம்பார்கோ எனப்படும் வெளியீட்டுத் தடை. நேச்சர், சயன்ஸ் போன்ற ஆய்விதழ்கள் தங்கள் கட்டுரைகளைச் சில நாள் முன்னதாகவே நிருபர்களுக்குக் கொடுத்துவிடும்; குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. சயன்ஸ் இதழுக்கு அது வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. இந்தியாவில் அது கோடையில் இரவு 11:30, குளிர்காலத்தில் நள்ளிரவு கடந்து 12:30. நிதானமாகப் படிக்கவும், ஆய்வில் தொடர்பில்லாத வேறொரு நிபுணரிடம் கருத்துக் கேட்கவும் இந்த அவகாசம் உதவுகிறது. எது செய்தி, எப்போது செய்தி என்பதை ஆய்விதழே முடிவு செய்துவிடுகிறது என்பது இதன் மறுபக்கம். புதிய கைப்பேசியோ கணினியோ வரும்போது தொழில்நுட்பச் செய்தியாளர்களும் இதே நிபந்தனைக்குக் கையெழுத்திடுகிறார்கள். கூடவே மதிப்புரைக்காகக் கருவியும் கைக்கு வந்துசேர்கிறது.

பிற நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. பிரிட்டனின் அறிவியல் எழுத்தாளர் சங்கம் 1947-இலும், இந்திய அறிவியல் எழுத்தாளர் சங்கம் 1985-இலும் பிறந்தன. 2002-இல் அறிவியல் செய்தியாளர்களின் உலகக் கூட்டமைப்பு அமைந்தது. இலவசமாக வரும் கருவிகளைப் பொறுத்தவரை, சங்கங்களுக்கு வெளியிலிருந்தும் விதிகள் வந்தன. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009-இல் தன் விதிகளைத் திருத்தி, பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளியே சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு அதே போன்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. அடுத்த முறை ஒரு கைப்பேசி மதிப்புரையையோ, புதிய மருந்து பற்றிய செய்தியையோ படிக்கும்போது, கருவியைக் கொடுத்தது யார், பயணச் செலவு யாருடையது என்ற தகவல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.