முதல் வகுப்புக்கு முந்தைய வாரம்

உட்காருங்கள், டீ வரட்டும். கவுன்சலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைத்து, ஹாஸ்டலுக்கும் பணம் கட்டியாகிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் அடுத்து எழுகிற கேள்வி ஒன்றுதான்: "காலேஜ் திறக்கிறதுக்குள்ள பிள்ளை எதைப் படிக்கலாம்? கணக்கு டியூஷன் வைக்கலாமா?" பாடம் எங்கும் ஓடிவிடாது. இந்த நாட்களில் படித்துக்கொள்ள வேண்டியது கல்லூரி என்கிற இடத்தைத்தான். வீட்டில் ஓர் அக்காவோ சித்தப்பாவோ படித்திருந்தால் இதெல்லாம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்திருக்கும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை. அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் காகிதங்கள். டி.சி.யைக் கல்லூரியில் கொடுத்துவிட்டால் திரும்பக் கைக்கு வருவது படிப்பு முடியும்போதுதான். அதனால் கொடுக்கும் முன்பே நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள். சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே அறிவித்துவிட்டது. டி.சி. தவிர வேறு எதையாவது ஆபீசில் வாங்கி வைத்தால், எதற்கு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு, எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தீர்களா என்று பாருங்கள். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தருவது அதுதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைப்போடு இருக்க வேண்டும். கல்லூரி திறந்த பிறகு வங்கிக்கு அலைந்தால் வகுப்பு போகும், அட்டெண்டன்ஸும் போகும். பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். இந்த வாரமே வங்கிக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.

அடுத்து ஹாஸ்டல் மெஸ். நம் ஊர்க் கல்லூரி விடுதிகள் பலவற்றில் 'டிவைடிங் சிஸ்டம்' என்பார்கள். மாத வாடகை மாதிரி நிலையான தொகை கிடையாது. அந்த மாதம் வாங்கிய அரிசி, காய்கறி, பால், கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட நாட்களின் மொத்தத்தால் வகுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, செலவு 6 லட்சம். 200 பேர் ஆளுக்குச் சராசரியாக 25 நாள் சாப்பிட்டால் 5,000 நாட்கள். நாளுக்கு 120 ரூபாய் வரும். 22 நாள் சாப்பிட்டவர் 2,640 ரூபாய் கட்ட வேண்டும். சும்மா ஊருக்குப் போய்விட்டால் நாள் குறையாது. முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; தொடர்ந்து இத்தனை நாள் இல்லாவிட்டால்தான் ரிடக்‌ஷன் என்று ஒவ்வொரு விடுதியிலும் ஒரு விதி இருக்கும். அதை முதல் நாளே வார்டன் ஆபீசில் கேளுங்கள். மெஸ் கமிட்டியில் மாணவர்களும் இருப்பார்கள். கணக்கு நோட்டைப் பார்க்க அவர்களிடம் தயங்காமல் கேட்கலாம். மெஸ் பில் பாக்கியால் ஹால் டிக்கெட் நேரத்தில் பிள்ளைகள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ராகிங் பற்றிப் பலர் வாயே திறப்பதில்லை. நான் பேசியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். 1996-ல் சிதம்பரத்தில் நாவரசு என்கிற முதலாமாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. மானியக் குழுவின் விதிகள் 2009-ல் வந்தன. சேரும்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரம் அந்த விதிகளின்படிதான். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளையின் போனில் ஏற்றிவிடுங்கள். சீனியரிடம் வழி கேட்பது, பழைய புத்தகம் வாங்குவது எல்லாம் நல்ல பழக்கம். நடுராத்திரியில் அறைக்கு வரச் சொல்வதும், துணி துவைக்கச் சொல்வதும் குற்றம். இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பேசி அனுப்புங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளையின் பயம் தனி. அதற்கு மட்டும் இந்த வாரத்தில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பிளஸ் டூ இயற்பியலும் கணிதமும் இரண்டு மீடியத்திலும் ஒரே பாடம்தான். ஆங்கிலப் புத்தகத்தை அரசின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தெரிந்த பாடத்தைத் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் அதே பக்கம் என்று வைத்துப் படித்தால், பேராசிரியர் சொல்வது தான் ஏற்கெனவே படித்ததுதான் என்று முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். ஆங்கிலம் பேச வரவில்லை என்று யாரும் பெயிலாவதில்லை. புரியாததைக் கேட்காமல் விட்டுத்தான் அரியர் விழுகிறது.

திறந்ததும் சில நாட்கள் 'இண்டக்‌ஷன்' என்று நடத்துவார்கள். பாடம் எடுக்கவில்லையே என்று ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். லேப் எங்கே, லைப்ரரி எங்கே, கிளாஸ் அட்வைசர் யார் என்பதெல்லாம் தெரிவதும், பக்கத்து அறைக்காரனோடு முதல் பேச்சு தொடங்குவதும் அந்த நாட்களில்தான். மூன்று வாரம் கழித்துச் சேர்கிற பிள்ளை, கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்து முடிந்த வகுப்பில் தனியாக நிற்கும்.

முதல் சனிக்கிழமையே கிளம்பி வரச் சொல்லாதீர்கள். போன் செய்யும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "யார் கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்றும் கேளுங்கள். முதல் வாரம் "தனியாத்தான்" என்று பதில் வந்தால் கவலை வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் அதே பதில் வந்தால், கிளாஸ் அட்வைசருக்குப் போன் செய்து, பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.