காலியாகும் பள்ளி மனை

வாஷிங்டனுக்கு வடமேற்கே, மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கமரி கவுண்டியில் ராக்வில் என்றொரு புறநகர் இருக்கிறது. அங்கே 1970இல் தொடங்கிய தாமஸ் எஸ். வூட்டன் உயர்நிலைப் பள்ளிக்கு நல்ல பெயர். பள்ளியை வைத்தே அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் பலர்; இந்திய, சீனக் குடும்பங்களும் அவர்களில் நிறைய. ஆனால் பள்ளிக் கட்டடம் அந்தப் பெயருக்கு ஈடாக இல்லை. கூரை ஒழுகுகிறது, காற்றுச் சீரமைப்புக் கருவி அடிக்கடி படுத்துவிடுகிறது என்று பெற்றோர் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். புதுப்பிப்போம் என்ற வாக்குறுதியோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இந்த நிலையில், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கவுண்டியின் பள்ளி நிர்வாகம் வேறொரு யோசனையை முன்வைத்தது. சுமார் மூன்று மைல் தள்ளி, கெய்தர்ஸ்பர்க் நகரின் கிரவுன் குடியிருப்பில் ஒரு புதிய உயர்நிலைப் பள்ளி எழும்பிக்கொண்டிருந்தது. 2027 ஆகஸ்டில் திறக்கவேண்டிய அந்தக் கட்டடத்துக்கு வூட்டனையே நிரந்தரமாகக் கொண்டுபோய்விடலாம் என்பதே அந்த யோசனை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. இந்த மாதிரிச் சச்சரவுகளில் எல்லோரும் புதிய இடம் நல்லதா கெட்டதா என்றே மோதிக்கொள்வது வழக்கம். காலியாகப் போகும் பழைய இடத்தை முன்னிட்டுத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த மனையை என்ன செய்யப்போகிறோம் என்பதற்குத் தேதியும் பணமும் குறித்த பதில் இல்லாத இடமாற்றத் தீர்மானம் பாதித் தீர்மானம்தான்.

சச்சரவின் வேரைப் புரிந்துகொள்ள அங்குள்ள ஏற்பாட்டைச் சற்று அறிய வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நம்மூர்போல மாநிலக் கல்வித்துறை நேரடியாக நடத்துவதில்லை. பெரும்பாலும் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் நடத்துகிறது. மான்ட்கமரியில் கவுண்டி முழுவதற்கும் ஒரே வாரியம். பெரியவர்கள் ஏழு பேர், எட்டாவதாக மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மாணவ உறுப்பினர். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகவேண்டும் என்ற எல்லைப் பிரிப்பில்கூட அந்த மாணவருக்கு வாக்கு உண்டு. (நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.) கட்டடங்களுக்கு வாரியம் ஆறாண்டுத் திட்டம் போடும், பணம் ஒதுக்குவது கவுண்டி மன்றம். கிரவுன் பள்ளி இந்த வரிசையில் வந்தது நெரிசலைக் குறைக்க. கெய்தர்ஸ்பர்க், குவின்ஸ் ஆர்ச்சர்ட், நார்த்வெஸ்ட், ரிச்சர்ட் மான்ட்கமரி முதலிய பள்ளிகளில் இடம் போதவில்லை என்பதால் திட்டமிட்ட பள்ளி அது. கிரவுன் பண்ணை என்ற விளைநிலத்தை வீட்டுமனைகளாக்க அனுமதி தந்தபோதே பள்ளிக்கென்று ஒரு துண்டை ஒதுக்க வைத்திருந்தார்கள். கட்டடம் எழும்புவதற்குள் மாணவர் எண்ணிக்கை குறையத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்து உயர்நிலைப் பள்ளிகள் உள்ள கவுண்டியில் உட்வர்ட் என்ற இருபத்தாறாவது பள்ளியும் தயாராகிறது. இருபத்தேழாவது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஒரு பக்கம் ஆள் போதாத புதுக் கட்டடம், மறுபக்கம் கட்டடம் போதாத பழைய பள்ளி. இரண்டையும் இணைத்துவிடலாம் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியதில் வியப்பில்லை. கணக்குப் பார்த்தால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் நெரிசலைக் குறைப்போம் என்றது ஒரு வாக்குறுதி. வூட்டனைப் புதுப்பிப்போம் என்றது இன்னொன்று. ஒரே கட்டடத்தைக் காட்டி இரண்டையும் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கவுண்டியின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1972இல் இங்கே சுமார் 1.26 லட்சம் மாணவர்கள். பிறகு பிறப்பு விகிதம் இறங்க, 1983இல் ஏறக்குறைய 91,000 ஆனது. பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன, பராமரிப்புச் செலவு வீண் என்று பள்ளிகளை வரிசையாக மூடினார்கள். அன்றைய கண்ணுக்கு அது சிக்கனம். எண்ணிக்கை மறுபடி ஏறி 2019இல் 1.65 லட்சத்தைத் தொட்டது. மூடிய பள்ளிகளின் கதையைப் பார்த்தால் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள நார்த்வுட் உயர்நிலைப் பள்ளியை 1985இல் மூடினார்கள். 2004இல் திறக்க வேண்டியதாயிற்று. உட்வர்டை 1987இல் மூடி அதன் மாணவர்களை வால்டர் ஜான்சன் பள்ளியில் சேர்த்தார்கள். பின்னாளில் வால்டர் ஜான்சன் கூட்டம் தாங்காமல் திணற, உட்வர்டை இப்போது புதிதாகவே கட்டுகிறார்கள். இதற்குள் நார்த்வுட் கட்டடமும் பழசாகி, அதை இடித்துக் கட்டும் வரை அதன் மாணவர்கள் 2024 முதல் இந்த உட்வர்ட் வளாகத்தில்தான் படிக்கிறார்கள். ஒரு காலத்தில் வேண்டாம் என்று மூடிய பள்ளியின் மாணவர்களுக்கு, வேண்டாம் என்று மூடிய இன்னொரு பள்ளி அடைக்கலம் தருகிறது! இது சாத்தியமானதற்கு ஒரே காரணம், இரண்டு மனைகளும் கவுண்டியின் கையில் இருந்ததுதான். ராக்வில்லிலேயே 1984இல் மூடிய பியரி பள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தபின் அங்கே ஒரு யூதத் தனியார் பள்ளி வந்துவிட்டது. இனி அந்த இடம் அரசுப் பள்ளியாகத் திரும்புவது நடக்கிற காரியமில்லை.

இப்போது எண்ணிக்கை மறுபடி இறங்கி 1.60 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது. முன்கணிப்பாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஐந்தாண்டுக்கு அவர்கள் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். ஆனால் பள்ளிக் கட்டடத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு, மனையின் ஆயுள் அதற்கும் மேலே. ஐந்தாண்டுக் கணக்கை நம்பி ஐம்பதாண்டு நிலத்தை விடக்கூடாது. வீடுகள் நெருங்கிவிட்ட புறநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போதுமான நிலத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்பதற்குக் கிரவுனே சாட்சி. ஒரு முழுப் பண்ணை வீட்டுமனையாக மாறிய தருணத்தில்தான் அந்த நிலம் கிடைத்தது. அப்படிப்பட்ட பண்ணைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இனி எத்தனை மிச்சம்?

இதற்கு முதல் மறுப்பு பெற்றோரிடமிருந்தே வருகிறது, அதுவும் வலுவானது. நிலம், ஐம்பதாண்டு என்றெல்லாம் பேசுகிறீர்கள். என் பிள்ளை நாலு வருஷம்தான் உயர்நிலைப் பள்ளியில் இருப்பான், அவன் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார வேண்டுமா என்கிறார்கள். நியாயமான கேள்வி. 2027இல் தயாராக நிற்கும் கட்டடத்தைப் புறக்கணித்து, இன்னும் வராத நிதிக்காகக் காத்திருக்கச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அதனால்தான் இடமாற்றமே கூடாது என்ற நிலையை நான் எடுக்கவில்லை. ஆனால் போவதா, ஒழுகுவதா என்ற இரண்டே வழி என்பது போலப் பேசுவது சரியில்லை. பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில், இதே வாஷிங்டன் புறநகர் வட்டத்தில், ஃபால்ஸ் சர்ச் என்ற சின்ன நகரம் தன் உயர்நிலைப் பள்ளியை இருந்த வளாகத்திலேயே புதிதாகக் கட்டியது. 2017இல் 12 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். பழைய கட்டடத்தில் வகுப்பு நடக்க, பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழுந்து 2021 ஜனவரியில் திறந்தது. வளாகத்தில் சுமார் பத்து ஏக்கரை வணிக, குடியிருப்புக் கட்டடங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தைக் கடனை அடைக்கத் திருப்பினார்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது; ரயில் நிலையத்துக்கு அருகே அத்தனை பெரிய வளாகம் எல்லோரிடமும் இருக்காது. இருந்தாலும், பழைய இடம் சின்னது, அங்கே கட்ட முடியாது என்று சொல்பவர்கள் எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் பள்ளித் திட்டமிடுவோர் அமைப்பு வெகுகாலம் ஒரு கணக்கு வைத்திருந்தது: உயர்நிலைப் பள்ளிக்கு 30 ஏக்கர், அதற்குமேல் நூறு மாணவருக்கு ஓர் ஏக்கர். இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு 50 ஏக்கர் என்றாகிறது. ஊருக்குள் யாரிடம் இருக்கிறது அவ்வளவு நிலம்? இந்தக் கணக்கே நாடெங்கும் பள்ளிகளை ஊர்க்கோடிக்குத் துரத்தியது. 2004இல் அந்த அமைப்பே அதைக் கைவிட்டது. பழக்கமோ பல இடங்களில் இன்னும் போகவில்லை.

அடுத்தது நடை. மான்ட்கமரியில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்குள் வீடு இருந்தால் பொதுவாகப் பேருந்து கிடையாது, நடந்துதான் வரவேண்டும். வூட்டனைச் சுற்றி அப்படி நடந்து வருகிறவர்கள் கணிசம். மூன்று மைல் தள்ளிப் போனால் அவர்களில் பெரும்பாலோர் பேருந்திலோ காரிலோதான் போகமுடியும். நாடு முழுக்க நடந்ததும் இதுவே. 1969இல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது 13 சதவீதம். பள்ளிகள் விலகிப்போனது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும் பெரிய காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இடமாற்றத்தை எதிர்ப்பவர்கள் இதில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கிரவுன் வெட்டவெளியில் நிற்கும் கட்டடம் அல்ல. அதைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கு நடைதூரத்தில் பள்ளி வருகிறது. ராக்வில்லில் குறையும் நடையில் ஒரு பகுதி கெய்தர்ஸ்பர்க்கில் கூடுகிறது. நடக்கும் பிள்ளைகளை மட்டும் எண்ணி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

வீட்டு விலை பற்றிய பேச்சும் உண்டு. எதிர்ப்பெல்லாம் வசதியானவர்கள் தங்கள் வீட்டு மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் போடும் கூச்சல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. பள்ளிப் பெயரைக் கணக்கில் வைத்து முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்கியவருக்கு அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும். வருமானத்திலும் இனத்திலும் கலவையான கெய்தர்ஸ்பர்க் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதை விரும்பாத குரல்களும் இந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கலாம். அப்படியிருந்தால் வாரியம் அதற்குச் செவி சாய்க்க வேண்டியதில்லை. எல்லைப் பிரிப்பில் வாரியத்தின் கொள்கையே மாணவர் சமூகக் கலவை, தூரம், நிலைத்தன்மை, கட்டடத்தின் கொள்ளளவு என்ற நான்கையும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் ஒருவரின் நோக்கத்தில் சுயநலம் இருப்பதால் அவர் கேட்கும் கேள்வி பொய்யாகிவிடாது. பழைய மனை என்னாகும் என்று கேட்பவர் வீட்டுக்காரராகவே இருக்கட்டும். பதில் சொல்லவேண்டிய கடமை வாரியத்துக்குத்தான்.

பழைய இடமே ஆபத்து என்றால் வழக்கு எளிது. ஆரிகன் மாநிலக் கடற்கரையில் சீசைட் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆழிப்பேரலை புகும் பகுதியில் இருந்தது. அந்தக் கடலடியில் உள்ள கஸ்கேடியா பிளவு கடைசியாக 1700இல் பெரிதாகக் குலுங்கியது. மறுபடி குலுங்கும் என்பதில் புவியியலாளர்களுக்குச் சந்தேகமில்லை. 2004 டிசம்பரைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டாம். அப்படியிருந்தும் 2013இல் பள்ளிகளை மேட்டுக்கு மாற்றும் கடன் பத்திரத்தை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். செலவு அதிகம் என்றார்கள். பிறகு ஒரு மர நிறுவனம் குன்றுப்பக்கம் 80 ஏக்கரை இலவசமாகத் தந்தது, தொகையும் குறைந்தது, 2016இல் தீர்மானம் வென்றது. அலை வரும் இடத்தில் பள்ளியே கூடாது என்பதால் அங்கே பழைய மனையைப் பற்றித் தயங்கவேண்டிய தேவை இல்லை. ராக்வில் மனையில் அப்படி ஒரு குற்றமும் கிடையாது. பழுது கட்டடத்தில்தான், மண்ணில் இல்லை.

வூட்டனின் பழைய வளாகத்தை இடைக்காலப் பள்ளியாக வைத்துக்கொள்ளலாம் என்பது நிர்வாகத் தரப்பில் பேசப்படும் பதில். அதாவது டமாஸ்கஸ், மக்ரூடர் போலப் புதுப்பிக்கக் காத்திருக்கும் மற்றப் பள்ளிகளின் மாணவர்கள், தங்கள் கட்டடம் முடியும்வரை மாறி மாறி வந்து படிக்கும் இடம். யோசனை கெட்டதல்ல, நார்த்வுட்டுக்கு உட்வர்ட் செய்யும் உதவி அதுதான். மனையும் பொதுச் சொத்தாகவே இருக்கும். ஆனால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. வூட்டன் மாணவர்கள் இனி ஒரு நாளும் உட்காரத் தகாது என்று சொல்லும் அதே கட்டடத்தில் இன்னொரு ஊர்ப் பிள்ளைகளை இரண்டு மூன்று ஆண்டு உட்கார வைக்க முடியுமா? முடியாது. முதலில் அதைச் சீர்செய்தாக வேண்டும். அதற்குப் பெருந்தொகை வேண்டும், அந்தத் தொகை ஆறாண்டுத் திட்டத்தில் எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில் வருகிறது என்று காட்ட வேண்டும். சீர்செய்யும் பணம் இருக்கிறது என்றால், அதை ஏன் வூட்டனுக்கே செலவிடக் கூடாது என்று ராக்வில் கேட்கும். பணம் இல்லை என்றால் இடைக்காலப் பள்ளி என்பது காகிதத்தில்தான் இருக்கும், வளாகம் பியரியைப் போலப் பூட்டிக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பதில் ஒன்று சாத்தியம்: கட்டடத்தை இடித்துவிட்டு, மனையை எதிர்காலப் பள்ளிக்கென்று சட்டபூர்வமாக ஒதுக்கி, விளையாட்டுத் திடலாக ஊருக்குத் திறந்துவிடுவது. செலவு குறைவு, பின்னால் வருகிறவர்களின் கையும் கட்டப்படாது. வாரியம் இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும், இடமாற்றத் தீர்மானம் எந்த ஏட்டில் பதிவாகிறதோ அதே ஏட்டில், அதே வாக்கெடுப்பில், தொகையோடும் ஆண்டோடும் அதுவும் பதிவாக வேண்டும்.